வேறு கை

இம்தியாஸ் முதல் போல்ட்டைத் தளர்த்தியபோது எழுந்த கிரீச் சத்தம் ஒன்றும் பெரிதில்லை, கொட்டகைக்கு வெளியே மரத்தில் குருவிகள் போட்ட கூச்சல் அதைவிட அதிகம், ஆனாலும் தமயந்திக்கு அது வாசலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்னறைக் கட்டிலில் மாத்திரை போட்டுத் தூங்கும் அவள் புருஷன் ஞானவேலின் காதுக்குள் நேராகப் போய் இறங்கிவிட்டதாகத் தோன்றியது. அவள் கொட்டகை வாசலில் நின்று வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. திரை அசையவில்லை. பிரிக்கக் கூடாது என்று ஞானவேல் காலையில்கூடச் சொல்லியிருந்தான், ஆம்பூர்லேர்ந்து அந்த பாய் வராரு, உதைச்சுப் பாக்கட்டும், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும், பிடிச்சா ஏத்திட்டுப் போவட்டும், ஸ்பேனரை மட்டும் தொட விடாத, என்ன. சரி என்றாள். சொன்ன வாய் காய்வதற்குள் இம்தியாஸ் வந்து, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, உதைத்து ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டு அணைத்துவிட்டு, "பிரிச்சுப் பாக்காம நான் எந்த டூ ஸ்ட்ரோக் வண்டியும் வாங்கறதில்லக்கா, பாக்கட்டுமா?" என்று கேட்டபோது அவள் தலை ஆடிவிட்டது. அவள் ஆட்டவில்லை. அதுவாக ஆடியது. ஏன் ஆடியது என்று இப்போது அவளுக்கே பயமாக இருந்தது. பால் அடுப்பில் இருக்கிறதா, இறக்கிவிட்டோமா? இறக்கியாயிற்று. தட்டு மூடினோமா? ஏலகிரியில் வார நாள் காலை என்றால் இப்படித்தான், பனி தரையை விட்டு எழும்பப் பத்து மணியாகும், டூரிஸ்ட் வண்டி ஒன்றும் வராது, ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இந்தத் தெருவில் ஒரு டம்ளர் விழுந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இரண்டாவது போல்ட்டுக்குச் சத்தமே வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இது கம்பெனி சைலன்சர் இல்லக்கா" என்றான் இம்தியாஸ், கழற்றியதைத் தூக்கிக் காட்டி. அவளைவிட நான்கைந்து வயது சின்னவனாக இருக்கலாம், தாடியை ஒட்ட வெட்டியிருந்தான், ஊரில் நாலு சக்கர ஏடிவி ஓட்டும் மைதானம் ஒன்று வைத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தான். "பாருங்க, நடுவுல வயிறு பெருத்து ரெண்டு முனையும் ஒடுங்குது. ரேஸ் சைலன்சர். கடையில வாங்கலை, தகடு வெட்டி கையால வெல்டு வச்சிருக்காங்க." அவளுக்குத் தெரியாதா, அந்த வெல்டிங் பொறி பறந்து அவளுடைய காயப்போட்ட நைட்டியில் நாலு ஓட்டை விழுந்ததே, தணிகை நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐயோ அண்ணி, புதுசு வாங்கித் தரேன் அண்ணி என்றானே, வாங்கியும் தந்தானே, கத்தரிப்பூக் கலர், அதை அவள் இப்போது கட்டிலுக்கு அடியில் கரித்துணியாகப் போட்டு வைத்திருக்கிறாள். ஞானவேலின் கூடப் பிறந்த தம்பி. இந்தக் கொட்டகையை ஒட்டிய அறையில்தான் பெண்டாட்டியோடு இருந்தான், பிள்ளை இல்லை. டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடும் மூன்று ஏடிவி வண்டிகளையும் அவன்தான் பார்த்துக்கொண்டான், ஞானவேல் வாடிக்கையைப் பார்த்தான், அவள் வாசலில் மேசை போட்டு டிக்கெட் கிழித்தாள். இந்த ஒரு வண்டியைத்தான் தணிகை தன் இஷ்டத்துக்குப் பிரித்துப் போட்டுப் பிரித்துப் போட்டு வேறாக்கினான், ஜப்பான் இன்ஜின் அண்ணி, உள்ள தூங்கிட்டிருக்கு, எழுப்பி விடறேன் பாருங்க என்பான். எழுப்பினான். எழுந்தது, இந்த வருஷம் பொங்கல் கழிந்த சனிக்கிழமை மேட்டிலிருந்து இறங்கும் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து, சட்டென்று உள்ளே இறுகிப் பிடித்து, பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, ஞானவேலைத் தூக்கி அடித்தது. இடுப்பு எலும்பு, தொடை எலும்பு. ஆம்புலன்ஸில் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவன் கத்தினான். கத்தலுக்கு நடுவே அவன் சொன்ன முதல் முழு வாக்கியம், தணிகைதான், கண்டபடி அறுத்து வச்சிட்டான், அவன் கை வச்ச இன்ஜின். அதை அவள் எத்தனை பேருக்குச் சொன்னாள். அத்தைக்கு, நாத்தனாருக்கு, பால்காரருக்கு. டாக்டரிடம்கூட, அவர் கேட்காமலே.

இம்தியாஸ் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "காப்பிப்பொடிக் கலர்ல இருக்கணும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு." யாரிடமும் சொல்லாதவன் போலச் சொல்லிவிட்டு ஒரு துணியின் மேல் வைத்தான். பிறகு காற்றுப்பெட்டி. மூடியில் வட்ட வட்டமாகத் துளை போட்டிருந்ததைத் தடவினான், "இதுவும் மாத்தினது." கார்புரேட்டரைக் கழற்றி உதறினான், "பெரிய வண்டியோடது, இதுவும் மாத்தினது." அதற்குப் பின்னால் காற்று நுழையும் வாயில் இருந்த மெல்லிய தகடுகளை விரலால் நெம்பினான், "இரும்பு இருக்கணும், கார்பன் போட்டிருக்காங்க, மாத்தினது." ஒவ்வொரு 'மாத்தினது'க்கும் தமயந்திக்கு உள்ளே ஏதோ ஒன்று சரி, சரி என்று தலையாட்டியது. சொல்லு, இன்னும் சொல்லு. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது, காலையில் தலை ஏன் அதுவாக ஆடியது என்று. இவன் சொல்ல வேண்டும். மூன்றாம் மனுஷன், ஆம்பூர்க்காரன், எங்களுக்கு உறவும் இல்லை பகையும் இல்லை, இவன் இன்ஜினைப் பிரித்துவிட்டு, ஐயே, எவன்க்கா இதை இப்படிக் கெடுத்து வச்சது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பேசியது சரியென்று ஆகிவிடும். தணிகை அன்று செருப்பைக்கூடப் போடாமல் வந்திருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க அவள், கூடப் பொறந்தவரைக் கொல்லத்தான் அந்த மிஷினைக் கையில எடுத்தியா, இனிமே எங்க வாசல்ல காலை வைக்காத என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் தனக்குள்ளேகூடத் திரும்பச் சொல்வதில்லை, அந்த இடம் வந்ததும் நினைப்பு வேறு பக்கம் தாவிவிடும், பால், துணி, கேஸ் புக்கிங். தணிகை ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான். வார்டு கதவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு பெண்டாட்டியோடு ஓசூர் போனான், பைக் கடையில் வேலை என்று கேள்வி. ஒரு தப்புச் செய்தவன் அப்படித்தானே வாயை மூடிக்கொள்வான்? இத்தனை நாளாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மூடிய வாயைத்தான். தப்பில்லை என்றால் பேசியிருப்பானே.

"தமயந்தி!" உள்ளேயிருந்து குரல் வந்தது.  "இன்னா சத்தம் அது? பிரிக்கிறானா?" அவள் இம்தியாஸைப் பார்த்தாள், அவன் ஸ்பேனரோடு அப்படியே நிமிர்ந்தான். "இல்லீங்க" என்று கத்தினாள், "துடைச்சுப் பாக்குறாரு." பொய் எவ்வளவு லேசாக வெளியே வந்தது, பல்லில் கூடப் படவில்லை. உள்ளே இருமல். "சீக்கிரம் அனுப்பு." பிறகு ஒன்றும் இல்லை. இம்தியாஸ் அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தான், "அண்ணனுக்கு இஷ்டமில்லியா? வேணாம்னா மூடிடறேன்." மூடிவிடச் சொல்லலாம். இப்போதே சொல்லலாம். இதுவரைக்கும் எல்லாமே தணிகை மாற்றியது என்றுதானே வந்திருக்கிறது, இதோடு நிறுத்தினால் மிச்சத்தை அவளே நிரப்பிக்கொள்ளலாம், மனசுக்கு அது போதும். "பாருங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? ஆசைதான். பல்லில் சிக்கிய நாரை நாக்கு விடாமல் துழாவுகிற மாதிரி ஓர் ஆசை. அவன் குனிந்து இன்ஜின் தலைப்பகுதியின் நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்று, குறுக்குக் குறுக்காகத் தளர்த்தினான். தணிகையும் அப்படித்தான் தளர்த்துவான். வரிசையா கழட்டக் கூடாது அண்ணி, கோணிக்கும். அவன் எதையும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று சொன்னதில்லை, வேலை செய்யும்போது பேச ஆள் வேண்டும் அவனுக்கு, அவள் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். தலை கழன்று வந்தது. "லேத்ல குடுத்துச் சீவியிருக்காங்க, அழுத்தம் கூடறதுக்கு" என்றான் இம்தியாஸ். "மாத்தினதா?" என்றாள் அவள். குரலில் இருந்த அவசரம் அவளுக்கே கேட்டது. "மாத்தினதுதான்." பிறகு சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல ஆட்டி ஆட்டி மேலே தூக்கினான்.

பழைய எண்ணெய் வாடை குப்பென்று எழுந்தது. சிலிண்டரின் உள்சுவரில் கறுப்பாக நாலைந்து கோடுகள் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன, பூனை நகம் போட்டுக் கீறினாற்போல. பிஸ்டனிலும் அதே கோடுகள், அதே பக்கம், அலுமினியம் உருகி இழுபட்டு ஈயம் பூசினது போல ஒட்டியிருந்தது. இதுதான். இந்தக் கோடுகள்தான் அவனைத் தூக்கி அடித்தன. தமயந்தியால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு மனுஷனின் தொடை எலும்பைப் பிளந்தது இத்தனூண்டு கீறலா? எக்ஸ்ரேயிலும் இப்படித்தான், வெள்ளையில் ஒரு மெல்லிசுக் கோடு, டாக்டர் பேனா முனையால் காட்டாவிட்டால் தெரிந்திருக்காது. "அறுத்ததாலதானே?" என்றாள். "அந்த ஓட்டையெல்லாம் பெரிசா அறுத்ததாலதானே பிடிச்சுக்கிச்சு?" இம்தியாஸ் சிலிண்டரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், புகை வெளியேறும் ஓட்டைக்குள் விரலை விட்டு மெதுவாகச் சுற்றினான். அவன் முகம் மாறியது. அவள் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. "அக்கா, இதை அறுத்ததுன்னு சொல்லக் கூடாது. இழைச்சிருக்காங்க. மேல எவ்வளவு ஏத்தணுமோ அவ்வளவுதான் ஏத்தியிருக்கு, ஓரமெல்லாம் மழுக்கியிருக்கு, பிஸ்டன் ரிங்கு மாட்டாது. ரெண்டு பக்கமும் அச்சு ஒண்ணு. இந்த மாதிரி வேலைக்கு நான் கோயம்புத்தூர் அனுப்புவேன். யாரு பண்ணது?"  "வீட்டு ஆளுதான்" என்றாள். "அப்ப ஏன் பிடிச்சுது?" என்று கேட்டாள். இதைக் கேட்டது யார், நானா? வாயை மூடு தமயந்தி. அவன் நல்ல வேலை என்கிறான். விடு. நல்ல வேலையும் சமயத்தில் கெட்டுப்போகும், நேரம், கிரகம், பொங்கலுக்குப் பிறகு அவருக்கு ஏழரை என்று ஜோசியர் சொன்னாரே, விடு, விட்டுவிடு. "அதான் எனக்கும் புரியலை" என்றான் இம்தியாஸ்.

அவன் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நடை நடந்தான். துணிமேல் வைத்திருந்த பிளக்கை மறுபடி எடுத்தான். "இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதுக்கா. காத்து நிறைய உள்ள வர்றதுக்கு எல்லா வழியும் பண்ணியிருக்கு. காத்து கூடுனா பெட்ரோலும் கூட்டிக் குடுக்கணும். டூ ஸ்ட்ரோக்ல ஆயில் தனியா கிடையாது பாருங்க, பெட்ரோல்ல கலந்துதான் போவும். பெட்ரோல் கொறைஞ்சா ஆயிலும் கொறையும், உள்ள காயும், பிளக்கு இப்படி வெளுக்கும், பிஸ்டன் பிடிக்கும். ஆனா இவ்வளவும் தெரிஞ்சவரு அதை விடமாட்டாரே." அவன் கீழே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கவிழ்த்தான். அடியில் தடித்த நட்டு மாதிரி ஒரு பித்தளை மூடி இருந்தது. "இதோ." அதன் ஆறு முனையும் மழுங்கி, கட்டிங் பிளேயரின் பல் பதிந்திருந்தது. தமயந்தி அந்தப் பல் தடங்களைப் பார்த்தாள். பார்த்ததும் கொட்டகைத் தகரத்தின் மேல் மழை பெய்யத் தொடங்கிற்று. வெளியே மழை இல்லை, பனிதான், அவளுக்குத் தெரியும், ஆனால் பெய்தது, தடதடவென்று, மத்தியானமே இருட்டிக்கொண்டு, கரண்ட் போய், ஞானவேல் இதே இடத்தில் குப்புறப் படுத்தாற்போல வண்டியின் கீழே கையை விட்டுக்கொண்டு, போன் லைட்டைப் போடு, கிட்ட வா, அங்க இல்ல, இங்க, கையை ஆட்டாத என்கிறான். தணிகை அன்று ஊரில் இல்லை, அவன் மாமியார் வீட்டுப் பக்கம் யாருக்கோ வளைகாப்பு என்று ஜோலார்பேட்டை போயிருந்தான். அவள் மனசெல்லாம் அடுப்பில் வைத்த பருப்பில். என்ன பண்றீங்க? ஒண்ணுமில்ல, ரொம்பக் குடிக்குது, கொஞ்சம் கொறைக்கிறேன். பித்தளையாக ஏதோ ஒன்று, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, கத்தி முனையால் திருகினான், வழுக்கியது, கெட்ட வார்த்தை சொன்னான், மறுபடி திருகினான். பெட்ரோல் அவள் மணிக்கட்டில் வழிந்தது. எவ்வளவு சில்லென்று இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள், லைட்டு போச்சு பாரு என்று திட்டினான். பருப்பு அடிபிடித்துவிட்டது. இதெல்லாம் அவளுக்கு மறந்துபோனதா? மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. பருப்பு தீய்ந்த நாள் என்று ஒரு பெயர் வைத்து வேறொரு அலமாரியில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அது புதன்கிழமை. விழுந்தது சனிக்கிழமை. இரண்டு கிழமையும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன, நடுவே இருந்த இரண்டு நாளை ஒரு சுவர் போல அவள்தான் எழுப்பினாள். வேண்டாம், அவன் திறக்க வேண்டாம், மூடி பிடித்துக்கொள்ளட்டும், துருப்பிடித்திருக்கட்டும்.

மூடி திறந்தது. இம்தியாஸ் உள்ளேயிருந்து அந்தப் பித்தளைத் துண்டைத் திருகி எடுத்து உள்ளங்கையில் போட்டு அதன் எண்ணைப் படித்தான். நீண்ட மூச்சு விட்டான். "கம்பெனி ஜெட். மொத்த இன்ஜினும் மாத்திட்டு, மாத்தியே ஆகவேண்டிய ஒண்ணு மட்டும் மாத்தாம இருக்கு. பெட்ரோல் வர்ற ஓட்டை இதுதான்க்கா, பழைய இன்ஜினுக்கான அளவு." பிறகு கண்ணருகே கொண்டுபோனான். "இல்ல. மாத்தாம இல்ல. முதல்ல பெரிசுதான் போட்டிருக்காங்க, யாரோ அப்புறம் கழட்டிட்டு இதைத் திருப்பிப் போட்டிருக்காங்க. பாருங்க, திருப்புளி வெக்கிற இடம் கடிச்சுப் போயிருக்கு, கத்தியோ என்னமோ வச்சிருக்கான். மத்த எந்த போல்ட்லயும் ஒரு கீறல் இல்ல. இவ்வளவு சுத்தமா வேலை பாத்தவன் இதை இப்படிக் கடிக்க மாட்டான். இது வேற கை." வேற கை. தமயந்தி தன் கையைப் பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. அப்போது முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது, டக் என்று, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி டக், வாக்கரின் ரப்பர் குமிழ் சிமெண்டில் ஊன்றும் சத்தம், பத்து மாதமாக அவள் தூக்கத்தில்கூட எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம். இன்று அது வாசற்படியிலும் நிற்கவில்லை. படியில் அவனால் தனியாக இறங்க முடியாதே, அவள்தான் பிடித்து இறக்க வேண்டும், ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். கால் எழவில்லை. விழுந்துவிடட்டும் என்று ஒரு நினைப்பு, கொசு மாதிரி, வந்து உட்கார்ந்து பறந்தது. ஐயோ, மாரியம்மா, நான் நினைக்கலை. டக். டக். விழவில்லை. ஞானவேல் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான், லுங்கி ஒரு பக்கம் இறங்கி, மூச்சு வாங்க, நெற்றியெல்லாம் வேர்வை. துணியின் மேல் வரிசையாகக் கிடந்த இன்ஜினைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"வாங்கண்ணா" என்று எழுந்தான் இம்தியாஸ், நல்லபடியாகத்தான் பேசினான், பாவம் அவனுக்கு என்ன தெரியும், "மன்னிச்சுக்குங்க, பிரிச்சுதான் ஆகணும்னு நான்தான் கேட்டேன். வண்டியை எடுத்துக்கறேன். வேலை அருமையான வேலை. இந்த ஜெட்டு ஒண்ணுதான், இதை யாருண்ணா மாத்தினது?" உள்ளங்கையை நீட்டினான். பித்தளை மினுங்கியது. ஞானவேல் அதைப் பார்த்தான், தமயந்தி ஞானவேலைப் பார்த்தாள். சொல்லிவிடுவான். இப்போது சொல்லிவிடுவான். வலியில் வாயில் வந்ததைச் சொன்னான் ஆம்புலன்ஸில், அதற்குப் பிறகு அது மாவுக்கட்டு போல இறுகிப்போய்விட்டது, உடைக்க யாரும் இல்லாததால் உள்ளே இருந்துவிட்டான், அவ்வளவுதானே, மனுஷன்தானே. ராத்திரியில் கால் குடைகிறது என்று அழுதபோது அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு, நீ இல்லேன்னா செத்திருப்பேன் என்றானே, அந்த வாய் இப்போது இந்த ஒன்றைச் சொல்லிவிடும். "தம்பிதான்" என்றான் ஞானவேல். குரல் ஆடவே இல்லை. "எல்லாம் அவன் பண்ணதுதான்." இம்தியாஸ் குழப்பத்தோடு ஜெட்டைப் பார்த்தான்.  ஒருவேளை அவனுக்கே அது உண்மையாகிவிட்டதோ? பத்து மாதமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் புதன்கிழமையை அவனும் ஏதாவது அலமாரியில் பூட்டிவிட்டானோ? அப்படியென்றால் அது இருந்ததை அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளும் வாயை மூடிக்கொண்டால் அந்த மழை பெய்யவே இல்லை. "இல்ல" என்றாள். யாரோ பேசினது போலக் கேட்டது. "தணிகை அன்னைக்கு ஊர்லயே இல்ல. நீங்கதான் கழட்டுனீங்க. மழை பேஞ்சுது. நான் லைட்டு புடிச்சேன்." ஞானவேல் இப்போதுதான் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள், கோபம் இல்லை, வளைவில் எதிரே வண்டியைப் பார்த்தவன் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தேடுகிற பார்வை. தேடினான். கிடைத்தது. "ரொம்பப் பெட்ரோல் குடிக்குது, எதுனா பண்ணுங்கன்னு நீதானேடி சொன்ன?"

இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு, வெளியே போய் வண்டியைக் கட்டக் கயிறு எடுத்து வருவதாக முனகிவிட்டு நகர்ந்தான். அவள் அப்படியே நின்றாள். சொன்னேன். ஆமாம், சொல்லியிருப்பேன், டிக்கெட் மேசையில் உட்கார்ந்திருப்பவள் வேறென்ன சொல்வாள். தம்பி மேல் கிடந்தது இப்போது என் மேல் வந்து விழுந்திருக்கிறது. எவ்வளவு லேசாகத் தூக்கிப் போட்டான். அன்றைக்குத் தணிகைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், வராந்தாவில், செருப்பில்லாத காலோடு, எல்லாரும் பார்க்க. நான் அன்றைக்குச் சொன்ன அந்த இன்னொன்று. சொல்லிப் பார் தமயந்தி, இப்போது சொல்லிப் பார். உனக்குப் புள்ளை இல்லாதது இந்தக் கை பண்ற பாவத்துக்குத்தான். அதைத்தான் சொன்னாள். அவன் கையைப் பார்த்துச் சொன்னாள். அவன் அந்தக் கையைச் சட்டைக்குள் ஒளிப்பது போல இழுத்துக்கொண்டான். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டது. நம்பரை அவள் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்றும் கேட்டுக்கொண்டதில்லை. "யாருக்கு?" என்றான் ஞானவேல். மணி அடித்தது. "தமயந்தி, யாருக்குப் பண்ற? வை. வைன்னா வை." மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டான், எடுக்கக் கூடாது, எடுத்தால் என்ன சொல்வேன், வைத்துவிடலாமா. எடுத்தான். பின்னால் ஏதோ வண்டியின் உறுமல், யாரோ அணைத்தார்கள். "சொல்லுங்க அண்ணி." பத்து மாதம் கழித்தும் அண்ணி.  "தணிகை" என்றாள், மூச்சு விடாமல் சொன்னாள், "இன்ஜினைப் பிரிச்சாங்க. அந்த ஜெட்டை மாத்துனது உங்க அண்ணன். நான் பக்கத்துல இருந்தேன்."

 ஓசூர் சாலையில் ஒரு லாரி ஹார்ன் அடித்துப் போனது. "தெரியும் அண்ணி" என்றான் தணிகை. "வண்டியை மேட்லேர்ந்து தள்ளிட்டு வந்தவன் நான்தானே. அன்னைக்கே அந்த மூடியைப் பாத்துட்டேன்." அவள் கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்தாள். "அப்ப ஏன் சொல்லலை? வராந்தாவுல ஒரு வார்த்தை..." "சொல்லத்தான் வந்தேன்." அவ்வளவுதான் சொன்னான். மீதியை அவன் சொல்லவில்லை, சொல்லாததெல்லாம் அவள் காதுக்குள் கேட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, வறண்டுபோய் உள்ளேயே பிடித்துக்கொண்டது. தணிகைதான் பேசினான், வேலைக் குரலில், "சிலிண்டர் வெளிய இருக்கா? கோடு எவ்வளவு ஆழம்? நகத்தை வச்சுப் பாருங்க." அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சிலிண்டரை மடியில் எடுத்தாள், கனத்தது, சேலையில் கரி அப்பியது, விரலை உள்ளே விட்டுக் குறுக்கே இழுத்தாள். "மாட்டுது" என்றாள். "நகம் மாட்டுது தணிகை." "மாட்டுனா தேச்செல்லாம் சரிபண்ண முடியாது. உள்ள கடைஞ்சு போர் போடணும். வாங்கறவர்கிட்ட சொல்லிடுங்க, அப்படியே மூடி ஓட்டுனா யாரையாவது மறுபடி தள்ளிடும்." "சொல்றேன்."  "அவரு இருக்காரா?" என்று கேட்டான்.

ஞானவேல் வாசலை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் அந்தப் படியை மறுபடி ஏற வேண்டும், ஏற அவள் வேண்டும். அவள் எழுந்து போய் போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. வாங்க முடியாது என்பது அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இரண்டு கையும் வாக்கரில் இருந்தன, ஒன்றை எடுத்தால் சாய்ந்துவிடுவான். அவளே போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள். தாடி மயிர் விரலில் உரசியது, காலையில் தேய்த்துவிட்ட தைல வாடை, அதன் மேல் பழைய எண்ணெய் வாடை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாக்கரின் குழாய் சன்னமாகக் கிணுகிணுத்தது. "நான்தான்" என்றான். போனை எடுத்ததும் எல்லாரும் சொல்கிற வார்த்தை. அந்தப் பக்கம் தணிகை ஏதோ கேட்டான், சின்னக் கேள்வி, அவளுக்குக் கேட்கவில்லை.  கேட்டுக்கு வெளியே இம்தியாஸ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான். ஞானவேலின் உதடு பிரிந்தது.

"நான்தான்டா."